தமிழில் உடற்கூறு உரைத்த டாக்டர் கிறீன்

மேனாட்டினின்று போந்து தமிழுக்குத் தொண்டாற்றிய பெரியார் பலர். வீரமாமுனிவர், கால்டுவெல் ஐயர், போப்பையர் என்னும் பெயர்களை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். இவர்கள் இலக்கியம், இலக்கணம், சமயம் ஆகிய உயர்ந்த மேடைகளில் நின்று தமிழ் பேசினர். மனிதனுடைய உடம்பைக் குறித்தும், அதிலே நாம் பேசக் கூசும் உறுப்புகளைக் குறித்தும் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று கண்டு, அதற்கெனத் தம் வாழ்நாளைச் செலவிட்டார் வேறொருவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உள்ள வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். உரைக்குமிடத்து, அவர் தமிழிற் கொணர்ந்த கலையின் ஒரு பகுதியை, அஃதாவது ஆணின் பிறப்புறுப்புகள் தொழிற்படும் முறையை, மறையாது சொல்லுவோம். அதனை விட்டுவிட்டால் கிறீனாரின் துணிவு விளங்காது.

கிறீனார் 1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டு மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில், ஊஸ்டர் நகரையடுத்த கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். உடன்பிறந்தார் பலர். அவருள் தமையனார் ஆண்ட்ரூ, பிற்காலத்தில் நியூயார்க்கின் நடுவிலுள்ள பெரும்பூங்காவை அமைப்பதிலும், சிதறிக்கிடந்த நகர்ப் பகுதிகளை ஒரே மாநகராக இணைப்பதிலும் முன்னின்று பெரும்புகழ் எய்தினார். தம்பியாரோ 1845-ல் அதே நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றபின், 1847-ல் கப்பலேறிப் பனையும் மணலும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு வைத்தியம் புதிதன்று. டாக்டர் ஜான் ஸ்கடர் 1820-ம் ஆண்டளவிலேயே பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியஞ் செய்தவர். பின்னர் 1836-ல் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய பேர்த்தியாரே வேலூரிலே பெரிய வைத்தியசாலையையும், 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார். ஆகவே மானிப்பாயும் வேலூரும் கடலாற் பிரிந்து கிடப்பினும் ஒரே கொடியின் இரு காய்கள் எனலாம். வேலூரின் பக்கத்து ஊர் ஒன்றை இக்கட்டுரையின் பிற்பகுதியில் நினைவுகூர்தற்கு இவ்வுறவே எமக்கு இடந்தருகின்றது.

1848-ல் மானிப்பாயில் அமர்ந்த கிறீனார், நோயாளரைப் பார்த்ததோடு நில்லாது மாணாக்கர் சிலரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கலானார். தொடக்கத்திற் கற்பித்த மொழி ஆங்கிலமே. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் நன்கு பயின்ற இளைஞர் கிடைத்தமையால் அஃது எளிதாயிருந்தது. அவர்களும் திறமையாகக் கற்றனர். ஆயின் கற்றபின் நடந்தது கிறீனாரை வருத்தியது. ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். நல்ல சம்பளத்தைத் தேடிப் பட்டணஞ் சென்றனர். உடையும் நடையும் மாறினர். கிராமத்திலே காய்ச்சலும் வாந்திபேதியும் வந்து கிடப்பவனுக்கு அவர்கள் எட்டாதவர் ஆயினர். தம் மாணாக்கர் தமிழராகவே இருத்தல் வேண்டும், தமிழ் உடையோடும் தமிழ்ப் பேச்சோடும் தம் ஊராரிடையே வாழ்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அவரை அனுப்பிய நாட்டார் பலருக்கும், அவரிடம் பயின்ற இளைஞர் சிலருக்குமே இவ்விருப்பம் புதுமையாகத் தோன்றியிருத்தல் கூடும். சுதேசிகளை நாகரிகப்படுத்துவது என்றால் காற்சட்டை அணிவிப்பதே என்று கருதிய காலம் அது.

1857-ல் தாய்நாடு சென்ற கிறீனார் 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து அவ்வாண்டே மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இரண்டாம் முறை வந்தவர் தம் எண்ணத்தைச் செயலாக்கினார். 1864 முதல் வைத்திய வகுப்பு தமிழிலேயே நடந்தது. உடற்கூறும், இரணவைத்தியமும், மருந்தியலும் ஆகிய அனைத்தும் தமிழிற் கற்பிக்கப்பெற்றன. அவர் கையிற் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

கற்பித்தற்கு நூல் வேண்டுமே! ஆங்கே தொடங்கிற்று பெரும்பாடு. முன்னரே, 1857-ல், பிரசவ வைத்தியம் என்ற நூல் வெளிவந்திருந்தது. 1867-ல் இரணவைத்தியமும், 1872-ல் கிரே என்பார் இயற்றிய பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும், 1875-ல் கெமிஸ்தமும், 1883-ல் டால்ற்றன் என்பாரின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணமும், 1884-ல் இந்து பதார்த்த சாரமும் வந்தன. அங்காதிபாதம் என்பது உடலமைப்பைக் கூறும் கலை. சுகரணம் என்பது உறுப்புகளின் தொழிலைக் கூறும் கலை. இவ்வேலையில் டான்போர்த், சாப்மன் முதலிய அவருடைய மாணாக்கர் உடனுழைத்தனர். பெயரைக் கொண்டு அவர்களை வெள்ளையர் என மயங்கற்க. மிஷன் பள்ளிகளில் அமெரிக்கப் பெயர் சூட்டப்பெற்ற தமிழ் மக்களே அவர்கள்.

சொற்களைத் தேர்வதற்குக் கிறீனார் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழிற் சொல் உண்டா என்று தேடுக. இல்லையேல் வடமொழியை நாடுக. அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திரித்துக்கொள்க என்பதே அம்முறை. இரணவைத்தியம், சுகரணம், கெமிஸ்தம் என்னும் நூற்பெயர்களே அவ்வழிகளை ஓரளவு காட்டும். இவற்றுட் சில இன்று வழக்கொழிந்தன. வழக்கொழிந்தமை பற்றி அவற்றை எள்ளுவது நன்றன்று. கலைச்சொல் ஆக்கம் என்று இன்று நாம் பெருமையோடு பேசுவதை, அகராதிக் குழுவும் அரசாங்க உதவியும் இல்லாத காலத்தில், நோயாளியின் கட்டில் ஓரத்தில் இருந்து செய்தவர் அவர்.

இனி, கூசும் பகுதிக்கு வருவோம். கிரே என்பாரின் மூல நூலில் ஆணின் பிறப்புறுப்புகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. டால்ற்றனின் மூல நூலோ, உடம்பின் தொழில்களை மூன்று பெரும் பகுதிகளாகப் பிரித்து, மூன்றாவதனை இனப்பெருக்கத்திற்கே வைத்தது. இவ்விரண்டையும் தமிழாக்கத் துணிந்தவர் அப்பகுதிகளுக்குச் சொல் தேடும் கடமையை ஏற்றே தீரல் வேண்டும். தமிழிற் சொற்பஞ்சம் இருந்ததோ எனின், இல்லை. விந்து என்றும் சுக்கிலம் என்றும் சித்தர் நூல்கள் நாணாது பேசின. விரை என்னும் சொல்லை நோக்குக: நிலத்தில் இடும் வித்துக்கும் அதுவே பெயர், ஆணின் உறுப்புக்கும் அதுவே பெயர். இவ்வளவு அழகாகப் பொருளை உணர்த்தும் சொல்லை முன்னோர் ஆக்கி வைத்திருக்க, நாம் அதனை வசைமொழியாக்கித் தெருவில் விட்டுவிட்டோம்.

உறுப்புகளின் தொழிலை இன்றைய அறிவு கண்டவாறு கூறுவோம். விரைகள் இரண்டும் உடம்பிற்கு வெளியே, விரைப்பையிலே தொங்குகின்றன. குழந்தை கருவிலிருக்கும்போது வயிற்றினுள் தோன்றும் அவை, பிறப்பதற்கு முன் கீழிறங்குகின்றன. இறங்காதிருப்பின் முதல் ஆண்டளவிலேயே வைத்தியரிடங் காட்டல் வேண்டும். வெளியே தொங்குவது ஏன்? விந்தணு செவ்வனே உண்டாதற்கு உடம்பின் வெப்பத்தினும் இரண்டு மூன்று பாகை குறைந்த வெப்பம் வேண்டும். குளிர்காலத்தில் பை சுருங்கி விரையை உடலை நோக்கி இழுப்பதும், வெயிலில் தளர்ந்து கீழே விடுவதும் இவ்வெப்பநிலையைக் காத்தற்பொருட்டேயாம்.

விரையினுள் நூலினும் மெல்லிய குழல்கள் நூற்றுக்கணக்கிற் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரிலே விந்தணுக்கள் தோன்றி வளர்கின்றன. ஓரணு உருப்பெறச் சுமார் எழுபது நாட்கள் ஆகும். பின்னர் அவை விரையின் முதுகிற் படிந்திருக்கும் ஒரு சுருள்குழலைச் சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் அதிலே நகர்ந்து முதிர்ச்சியடைந்து நீந்தும் ஆற்றலைப் பெறுகின்றன. அச்சுருள்குழலை நீட்டினால் சுமார் 6 மீட்டர் இருக்கும். கைவிரல் அளவுள்ள இடத்தில் அது மடிந்து கிடக்கின்றது. அதனின்று புறப்படும் விந்துக்குழாய் அடிவயிற்றினுள் ஏறி, மூத்திரப்பையின் பின்புறஞ் சென்று, மூத்திர வழியோடு கூடுகின்றது. கூடுமிடத்தில் விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் தத்தம் நீரைச் சேர்க்கின்றன. வெளிப்படும் நீரிற் பெரும்பகுதி இச்சுரப்பிகளின் நீரே. அணுக்களின் பங்கு மிகச் சிறிது. ஆயினும் ஒரு மில்லிலிட்டரிலே கோடிக்கணக்கான அணுக்கள் நீந்தும். ஒவ்வொன்றின் நீளமும் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.

உறுப்பு விறைத்தலும் எலும்பாலோ தசைவலியாலோ ஆவதன்று. மூளையினின்றும் முதுகுத்தண்டினின்றும் நரம்பு வழி ஏவல் வரக் குருதிக்குழாய்கள் விரிகின்றன. பஞ்சு போன்ற திசுவிலே குருதி நிறைகின்றது. நிறைந்த குருதி வெளியேறும் வழி நெருக்குண்டு அடைபடுகின்றது. இவையனைத்திற்கும் மேலே, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி ஆணையிட, விரையிலே குழல்களுக்கு இடையிலுள்ள அணுக்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மீசை அரும்புதலும் குரல் உடைதலும் அதன் வேலையே.

இவற்றுட் பல கிறீனாரின் காலத்தில் அறியப்படாதவை. விந்தணுவை 1677-ல் ஆலந்து நாட்டு லேவன்ஹூக் என்னும் துணி வணிகர் தாமே அமைத்த கண்ணாடியிற் கண்டு எழுதினார். அவரும் இலத்தீன் அறியாதவராய்த் தம் தாய்மொழியிலேயே எழுதியவர் என்பது தமிழ் மாணாக்கராகிய எமக்கு இனிக்கின்ற செய்தி. ஆணின் அணுவும் பெண்ணின் அணுவும் ஒன்றுகூடுவதைக் கடல்வாழ் உயிரொன்றில் ஹெர்ட்விக் கண்டு வெளியிட்டது 1876-ல். டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது 1935-ல். பிள்ளை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தையின் அணுவிலுள்ள குரோமோசோமைப் பொறுத்தது என்பதற்குப் புழுவொன்றை ஆராய்ந்து நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் 1905-ல் வழிகண்டார். பெண்ணாகவே பெறுகிறாள் என்று மருமகளைத் தூற்றும் வாய்கள் அதற்குப் பின்னும் ஓயவில்லை.

இவ்வறிவு தாய்மொழியில் எட்டாமையால் விளையும் துன்பம் சிறிதன்று. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கணியம்பாடி என்றொரு ஊர் உண்டு. ஜவ்வாது மலையின் அடிவாரத்து அமிர்திக் காட்டுக்குச் செல்வோர் அதன் வழியே செல்வர். அவ்வட்டாரத்துக் கிராமங்களில், ஐடா அம்மையார் தொடங்கிய நிலையத்தார் பல பத்தாண்டுகளாகப் பொதுச்சுகாதாரப் பணி செய்து வருகின்றனர். சென்ற ஆண்டு நண்பர் சிலருடன் அமிர்திக்குச் சென்ற நாம் அவ்வூர்த் தேநீர்க் கடையொன்றில் தங்கினோம். அங்கிருந்த பாட்டி ஒருவர், நாங்கள் கல்லூரிப் பிள்ளைகள் என்றறிந்து, தம் மருமகளுக்கு ஆறாண்டாகப் பிள்ளை இல்லாக் குறையைச் சொன்னார். அரசமரம் சுற்றியாயிற்று, அண்ணாமலையில் கிரிவலம் வந்தாயிற்று, இரண்டு முறை ஸ்கேனும் எடுத்தாயிற்று. மகனைப் பரிசோதித்தீர்களா என்று எங்களுள் ஒருவன் கேட்க, ஆம்பிளைக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று பாட்டி சிரித்தார்.

கேட்டவன் விலங்கியல் மாணவன். முதலில் ஆங்கிலச் சொற்களைக் கலந்து விளக்கினான். பாட்டியின் முகத்தில் தெளிவு தோன்றவில்லை. பின்னர், விதைநெல்லை உப்புநீரிற் போட்டால் பதர் மிதக்குமே, அதுபோல ஆணின் விந்தையும் பரிசோதிக்கலாம், பாட்டி. மணி உள்ளதா, எத்தனை உள்ளது, முளைக்கும் வலிமை உண்டா என்று பார்த்துச் சொல்லுவார்கள் என்றான். பாட்டி சிரிப்பை நிறுத்திச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, அதை எங்கே பார்ப்பார்கள், தம்பி, நிறையப் பணம் ஆகுமா என்று கேட்டார். அடுக்கம்பாறையில் உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கிருந்து தொலைவன்று, அதனையே சொன்னோம். விதை, நிலம் என்னும் உவமை முழுதும் பொருந்துவதன்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். பெண் வெறும் நிலம் அல்லள். பிள்ளையின் உடம்பிற் பாதி அவளுடைய அணுவிலிருந்தே வருகின்றது.

உலகிலே வளர்ந்தோருள் ஆறிலொருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருவுறாமைத் துன்பத்தை அறிவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் கணித்தது. அவ்வாறு துன்புறும் தம்பதிகளுட் சுமார் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாய் இருக்கின்றது. விரையைச் சூழ்ந்த குருதிக்குழாய் புடைத்தல், விந்துக்குழாய் அடைபடுதல், வாலிப வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி விரையையும் தாக்குதல், ஹார்மோன் குறைதல் எனக் காரணம் பல. அவற்றுட் சில தீர்க்கத்தக்கவை. தமிழ் பயில்வோராகிய எமக்கு இதில் உறுத்துவது ஒன்றுண்டு. மலடி என்னும் சொல் ஊரெல்லாம் வழங்குகின்றது. மலடன் என்பதும் தமிழ்ச் சொல்லே. அதனை அகராதியிற் கண்டோமேயன்றி ஒருவர் வாயிலும் கேட்டிலேம். வசையை ஆணுக்கும் பங்கிட்டுத் தருக என்று நாம் வேண்டவில்லை. ஒரே குறைக்கு ஒருத்தி மட்டும் பெயர் சுமப்பது நீதியன்று என்பதே எம் கருத்து.

ஆண்களும் இவ்வறியாமையாற் கெடுகின்றனர். பல துளி குருதியே ஒரு துளி விந்தாகின்றது என்பது நாட்டு நம்பிக்கை. ஏழு தாதுக்களுள் விந்தை இறுதியாக வைத்து எண்ணிய பழைய வைத்திய மரபு இதற்கு வேராகலாம். உறக்கத்தில் விந்து வெளிப்படின் உயிரே கசிவதாக அஞ்சிச் சோறும் இறங்காது வாடும் இளைஞர் உளர். சுவரொட்டி கண்டு லாட்ஜ் அறைகளில் தங்கும் போலி வைத்தியரை நாடிப் பணத்தையும் அமைதியையும் இழப்போரும் அவரே. குருதி ஆவது எலும்பின் மச்சையில். விந்தணு ஆவது விரையில். நாள்தோறும் கோடிக்கணக்காய்ப் புதியன பிறந்துகொண்டேயிருக்கின்றன. உறக்கத்தில் வெளிப்படுதல் இயல்பே. இந்நான்கு செய்திகளைத் தமிழிற் சொல்ல ஒரு நாழிகையும் ஆகாது.

கிறீனார் தொடங்கியது தொடர்ந்திருப்பின் இவை நம் வீட்டுப் பேச்சாகவே ஆகியிருக்கலாம். ஆனால் காலம் வேறு திசையிற் சென்றது. 1870-ல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. பட்டமும் பதவியும் அவ்வழியே கிடைத்தன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு கிறீனாருக்குப்பின் நிலைபெறவில்லை.

1873-ல் உடல் நலிவுற்றுத் தாய்நாடு திரும்பிய அவர் வேலையை விடவில்லை. ஊஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் படிகளைத் திருத்தினார். மானிப்பாய்க்கும் ஊஸ்டருக்கும் இடையே, அந்நாளைய கப்பல் வேகத்தில், தாள்கள் போவதும் வருவதுமாய் ஆண்டுகள் கழிந்தன. அவர் ஊரில் அவரையன்றித் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்! பனி பெய்யும் அவ்வூரில் தனித்திருந்து, நரம்புக்கும் சுரப்பிக்கும் ஏற்ற தமிழ்ச் சொல்லை எண்ணிக்கொண்டிருந்த முதியவரை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. மனுஷ சுகரணம் அச்சேறிய மறு ஆண்டு, 1884 மே 28-ல், தாம் பிறந்த கிறீன் ஹில்லிலேயே அவர் காலமானார். தமக்குக் கல்லறைக் கல் ஒன்று நாட்டப்பெறுமாயின் அது செலவின்றி எளியதாக இருக்க வேண்டுமென்றும், தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவன் என்பது அதிற் பொறிக்கப்பட வேண்டுமென்றும் அவர் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார்.